பயாப்ஸி அறிக்கையில் 'மியூசினஸ் அடினோகார்சினோமா' என்றால் என்ன?

அப்பாவின் பெருங்குடல் பயாப்ஸியில் இந்தப் பெயர் வந்திருக்கிறது, சாதாரணப் புற்றுநோயைவிட மோசமானதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

'அடினோ' என்றால் சுரப்பி, 'கார்சினோமா' என்றால் புற்றுநோய், 'மியூசின்' என்றால் கோழை. குடலின் உட்சுவரில் வழவழப்பான கோழையைச் சுரக்கும் செல்கள் உண்டு. மலம் உராயாமல் நகர்வதற்கு அந்தக் கோழை உதவுகிறது. (சளி, இருமலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) புற்றுநோய் செல்களே இதை அளவில்லாமல் சுரந்து தள்ளினால் மியூசினஸ் வகை. கட்டியில் 50 சதவீதத்துக்கு மேல், செல்லுக்கு வெளியே தேங்கிய கோழையாக இருந்தால்தான் நோய்க்குறியியல் மருத்துவர் இப்பெயரை எழுதுவார். வெட்டிப் பார்த்தால் நுங்குபோல் பளபளக்கும். நுண்ணோக்கியிலோ, கோழைக் குளத்தில் செல்கள் சிறு சிறு கூட்டமாக மிதக்கும். கோழை செல்லுக்குள்ளேயே நிரம்பி உட்கருவை ஓரந்தள்ளினால் அது 'முத்திரை மோதிர' செல். பொதுவாக அது மியூசினஸ் வகையைவிடத் தீவிரமானது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மோசமா என்பது உறுப்பைப் பொறுத்தது. மார்பகத்தில் தூய மியூசினஸ் வகை பெரும்பாலும் மெதுவாகவே வளரும். பெருங்குடல் புற்றுநோய்களில் ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதம் இவ்வகை. வலப்பக்கக் குடலில் அதிகம். பரவிய பிறகு வழக்கமான கீமோவுக்கு இது அவ்வளவாக மசிவதில்லை. என்றாலும், பெயரைவிட நோயின் நிலைதான் (எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது) முக்கியம் என்பேன்.

மருத்துவரிடம் எம்எஸ்ஐ பரிசோதனை (கட்டியின் செல்களில் டிஎன்ஏ பிழைகளைச் சரிசெய்யும் திறன் கெட்டிருக்கிறதா என்று பார்ப்பது) செய்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். இவ்வகையில் அது 'உயர்' என்று வருவது மற்றவற்றைவிட அதிகம். அப்படி வந்தால், பரவிய நோய்க்கும் இம்யூனோதெரபி (உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் சிகிச்சை) நன்றாகப் பலன் தர வாய்ப்புண்டு. கூடவே, பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும், பரம்பரையாக வரும் லிஞ்ச் நோய்க்குறி இருக்கிறதா என்று உங்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் பார்க்க வேண்டிவரலாம்.