இயந்திரத்துக்கு அறிவு உண்டா? ஆத்தங்குடிக் கல்லை வைத்துக் கேட்டுப் பாருங்கள்

கேள்வி (தேவகோட்டை): சாட்ஜிபிடி மாதிரி ஏஐ கிட்ட எதைக் கேட்டாலும் ஆள் பேசுற மாதிரியே பதில் சொல்லுதுங்க. இது அறிவு இல்லையா?

பதில்: பேச்சு மட்டும் போதாதுங்க. எழுத்தில் உரையாடி, எதிரில் இருப்பது ஆளா இயந்திரமா என்று கண்டுபிடிக்கும் சோதனையை 1950-இல் கணித அறிஞர் ஆலன் டூரிங் சொன்னார். ஆனால் 1966-இல் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட எலிசா என்ற சின்னக் கணினி நிரல், அம்மா என்று தட்டினாலே 'உங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்' என்று கேட்கும். சொல்லைப் பிடித்து வாக்கியம் கட்டுவதுதான் அதன் வேலை. அதனிடமும் மனம்விட்டுப் பேசினார்கள்.

கேள்வி (காரைக்குடி, ஓர் ஆச்சி): வீட்டிலேயே சோதிக்க வழி இருக்கா தம்பி?

பதில்: இருக்கு ஆச்சி, உங்க வீட்டுத் தரையே போதும். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லின் செய்முறையைக் கேட்காதீர்கள், ஒப்பித்துவிடும். "சூளையில் எத்தனை டிகிரியில் சுடணும்?" என்று கேளுங்கள். அது சுடாத கல். வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து இறுக்குவது. கூசாமல் ஒரு டிகிரி சொன்னால், அதற்கு விஷயம் புரியவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்தது இன்னும் நல்ல கேள்வி: "கல்லில் 'க' நேராகத் தெரியணும். அச்சில் எழுத்தை எப்படி வைப்பது?" வண்ணக் கலவையைக் கண்ணாடி மேல் ஊற்றுகிறார்கள்; கண்ணாடியைத் தொடும் அடிப்பக்கம்தான் கல்லின் முகம். திருப்பிப் போட்டால் இடம் வலமாகும். ஆகவே அச்சில் எழுத்து இடவலம் மாறி இருக்க வேண்டும். சரியாகச் சொன்னாலும் விடாதீர்கள். 'க'வுக்குப் பதில் இருபுறமும் ஒத்த எட்டிதழ்ப் பூ என்று மாற்றுங்கள். பூவை மாற்றி வைக்கத் தேவையே இல்லை. அதையும் மாற்றச் சொன்னால், காரணம் பிடிபடவில்லை என்று அர்த்தம்.

ஒவ்வொன்றையும் புது உரையாடலில், வார்த்தைகளை மாற்றி, ஐந்து தடவை கேட்டுத் தப்பை எண்ணுங்கள். ஒரு தடவை சரியானது கணக்கில் வராது. சரியான பதிலைத் தப்பு என்று அழுத்திச் சொல்லியும் பாருங்கள்; காரணம் கேட்காமல் மாற்றிக்கொண்டால் அதுவும் ஒரு தப்பு.

கேள்வி (பள்ளத்தூர்): சதுரங்கத்தில் ஜெயிச்சதே?

பதில்: 1997-இல் உலக சாம்பியன் காஸ்பரோவை வென்ற டீப் புளூ என்ற கணினிக்குச் சதுரங்கம் தவிர ஒன்றும் தெரியாது.

கேள்வி (கானாடுகாத்தான்): ஆத்தங்குடியில் எத்தனை எழுத்துன்னு கேட்டேன், தப்பா சொல்லுச்சு. அப்ப அறிவில்லைதானே?

பதில்: அவசரப்படாதீங்க. நமக்கு ஆறு எழுத்து. கணினி எழுத்துகளைப் பதியும் முறையான யூனிகோடில் அதே சொல் பத்துக் குறிகள்: 'கு' என்றால் 'க' ஒன்று, உகரக் குறி ஒன்று. மொழி இயந்திரங்கள் பெரும்பாலும் சொல்லை எழுத்தெழுத்தாகப் பார்ப்பதில்லை, துண்டு துண்டாக வாங்குகின்றன. ஆ, த், த, ங், கு, டி என்று பிரித்துக் கொடுத்து மறுபடி கேளுங்கள். அப்போதும் தப்பாகச் சொன்னால் அந்தத் தப்பை எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.