ஒரே கட்சி, மூன்று வீடுகள்

அன்புள்ள சார்,

நாங்கள் டெக்சஸில், டாலஸுக்கு வடக்கே ஃப்ரிஸ்கோவில் இருக்கிறோம். எங்கள் தெருவில் பெரும்பாலும் குடியரசுக் கட்சிக்காரர்கள்தான். பக்கத்து வீட்டுக்காரர் கூரை போடும் கான்ட்ராக்டர். வரியைக் குறைத்துவிட்டு அரசாங்கம் ஒதுங்கி நின்றால் போதும் என்பார். அவரிடம் வேலை பார்க்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் மெக்சிகோக்காரர்கள். எதிர்வீட்டு அம்மா பாப்டிஸ்ட் சர்ச்சில் ஞாயிறு பள்ளி நடத்துகிறார். எனக்குப் பிரசவமானபோது இரண்டு வாரம் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தவர். அவருக்கு அரசியல் என்றால் கருக்கலைப்பு ஒன்றுதான். தெருக்கோடியில் ஒரு எலக்ட்ரீஷியன். பெரிய கம்பெனிகளை அவர் திட்டுவதைக் கேட்டால் நம் ஊர் தொழிற்சங்கத் தோழர் மாதிரி இருக்கும். மூன்று பேரும் 2024இல் டிரம்புக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள்.

அந்த டிசம்பரில், வெளிநாட்டுப் பொறியாளர்கள் போன்றவர்களை வேலைக்குக் கொண்டுவரும் எச்-1பி விசாவைப் பற்றிய சண்டை வந்தது. நம்மைப் போன்றவர்களைப் பற்றி அந்தக் கட்சியின் ஆதரவாளர்கள் எழுதியதையெல்லாம் படித்து இரவில் தூக்கம் வரவில்லை. "எல்லாரும் ஒண்ணுதான், சிரிக்கிறதெல்லாம் வெளியிலதான்" என்கிறார் என் கணவர். எதிர்வீட்டு அம்மாவை என்னால் அப்படி நினைக்க முடியவில்லை. இவர்கள் எல்லாரும் எப்படி ஒரே கட்சியில் இருக்கிறார்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கணவர் சொன்னதற்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன், அதே 2024 நவம்பர் 5ஆம் தேதி மிசௌரி மாநில வாக்காளர் கையில் இருந்த வாக்குச்சீட்டைப் பார்த்துவிடுவோம். கருத்துக்கணிப்புகளைவிட அந்தத் தாளை நான் அதிகம் நம்புகிறேன்.

அதிபர் தேர்தலில் டிரம்புக்கு அங்கே 58 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அதே சீட்டில் மக்களிடம் நேரடியாகக் கேட்ட கேள்விகளும் இருந்தன. ஒன்று, கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியல் சட்டத்தில் சேர்க்கலாமா என்பது. குடியரசுக் கட்சியின் மாநிலத் தலைவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ஆனால் வாக்காளர்களில் 51 சதவீதத்துக்கு மேல் சேர்க்கலாம் என்றார்கள். இன்னொன்று, குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டாலராக உயர்த்துவது, உடம்பு சரியில்லை என்றால் சம்பளத்தோடு லீவு கொடுப்பது. வணிகச் சங்கங்கள் எதிர்த்தன. அதற்கு 57 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. இந்த 57ஐயும் டிரம்பின் 58ஐயும் கூட்டினால் நூறைத் தாண்டிவிடுகிறது. டிரம்புக்குப் போட்டவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவராவது கூலி உயர்வுக்கும் சேர்த்துப் போட்டிருந்தால்தான் இந்தக் கணக்கு வரும். உங்கள் எலக்ட்ரீஷியனைப் போன்றவர்கள் அவர்கள்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். 2025இல், குடியரசுக் கட்சியின் கையில் இருக்கும் மாநில சட்டமன்றம் அந்தச் சம்பள லீவை ரத்து செய்தது. கருக்கலைப்புக் கேள்வியை 2026 நவம்பரில் மறுபடி மக்கள் முன் வைக்கவும் முடிவு செய்தது. முதல் முடிவு உங்கள் கான்ட்ராக்டர் போன்ற முதலாளிகளுக்காக. இரண்டாவது எதிர்வீட்டு அம்மா போன்றவர்களுக்காக. எலக்ட்ரீஷியனுக்குக் கிடைத்தது கையை விட்டுப் போனது. அதற்காக அவர் ஜனநாயகக் கட்சிக்குப் போய்விடவில்லை. ஏன் போகவில்லை என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது.

பெரிய கோயில் திருவிழாவில் ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு நாள் மண்டகப்படி இருக்கும். தன் நாள் நன்றாக நடந்தால் போதும், மற்ற நாட்களில் யார் என்ன செய்தாலும் தலையிட மாட்டார்கள். குடியரசுக் கட்சி ஐம்பது வருஷமாக ஏறக்குறைய இப்படித்தான் ஓடியது. வரியும் தொழில் கட்டுப்பாடுகளும் முதலாளிகளின் மண்டகப்படி. நீதிபதி நியமனம் சர்ச்காரர்களுடையது. ராணுவமும் வெளியுறவும் இன்னொரு தரப்புடையது. ஒவ்வொரு தரப்புக்கும் விட்டுக்கொடுக்கவே முடியாத ஒன்று உண்டு. மற்றதில் அவர்களுக்குக் கருத்து இருக்கும், ஆனால் அதற்காக ஓட்டை மாற்றுகிற அளவுக்கு இருக்காது.

இந்த ஏற்பாடு தானாக அமையவில்லை. 1955இல் வலதுசாரி எழுத்தாளர் வில்லியம் பக்லி 'நேஷனல் ரிவ்யூ' பத்திரிகையைத் தொடங்கியபோது, சந்தைச் சுதந்திரம் பேசியவர்களும் மரபும் மதமும் பேசியவர்களும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். சந்தை எல்லாவற்றையும் விற்பனைப் பொருளாக்கிவிடும் என்பது மரபுவாதியின் பயம். மரபு என்ற பெயரில் அரசு வீட்டுக்குள் நுழையும் என்பது மற்றவரின் பயம். இரண்டு பயத்திலும் நியாயம் இருந்தது. இருவரையும் சேர்த்து உட்கார வைத்தது கம்யூனிச எதிர்ப்பு. ஒருவருக்குக் கம்யூனிசம் தனிச்சொத்தின் எதிரி, மற்றவருக்குக் கடவுளின் எதிரி.

சர்ச்காரர்களின் அரசியல் ஆதியிலிருந்தே இப்படித்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். எதிர்வீட்டு அம்மாவுக்கே இது ஆச்சரியமாக இருக்கலாம்: அமெரிக்காவின் மிகப் பெரிய பாப்டிஸ்ட் அமைப்பான தெற்கத்திய பாப்டிஸ்ட் மாநாடு, 1971இல் போட்ட தீர்மானத்தில், பாலியல் வன்முறை, கருவில் கடுமையான குறைபாடு, தாயின் உடல்நலம் மனநலம் ஆகிய காரணங்களுக்காகக் கருக்கலைப்பைச் சட்டம் அனுமதிக்கலாம் என்றது. 1980இல் அதே மாநாடு சட்டத்தால் தடை செய்யச் சொன்னது. நடுவில், கருக்கலைப்பு உரிமையை நாடு முழுவதும் அங்கீகரித்த 1973இன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும், 1979இல் பாப்டிஸ்ட் போதகர் ஜெர்ரி ஃபால்வெல் தொடங்கிய 'மாரல் மெஜாரிட்டி' இயக்கமும் வந்தன. நூற்றாண்டு காலப் பிடிவாதம் மாதிரி இன்று தெரிகிற நிலைப்பாடு, ஒரு தலைமுறையின் கண் முன்னால் கட்டப்பட்டது. அந்த அம்மாவின் நம்பிக்கை பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. அது அவருக்குள் மெய்யாகவே ஊறிவிட்டது. ஆனால் ஊறியது எப்போது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சோவியத் யூனியன் உடைந்ததும் எல்லாருக்கும் பொதுவாக இருந்த எதிரி போய்விட்டது. 1992இல் வலதுசாரிப் பத்தி எழுத்தாளர் பாட் புகேனன், பதவியில் இருந்த தன் கட்சி அதிபரான மூத்த புஷ்ஷையே எதிர்த்து உட்கட்சித் தேர்தலில் நின்றார். நியூ ஹாம்ப்ஷயரில் அவருக்கு 37 சதவீதம் கிடைத்தது. குடியேற்றம் வேண்டாம், வெளிநாட்டுப் போர் வேண்டாம், தடையற்ற வர்த்தகம் வேண்டாம் என்றார். கட்சித் தலைமை அவரைக் கிறுக்கர் என்று ஒதுக்கியது. அடுத்த வருஷம் மெக்சிகோவோடும் கனடாவோடும் செய்த நாஃப்டா ஒப்பந்தம் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியபோது, ஜனநாயகக் கட்சிக்காரர்கள் 102 பேர் ஆதரித்தார்கள், குடியரசுக் கட்சிக்காரர்கள் 132 பேர். ஜனநாயகக் கட்சி அதிபர் கிளின்டன் கையெழுத்துப் போட்டதால் அது அவர் ஒப்பந்தம் என்று பெயராகிவிட்டது. ஓட்டு எங்கிருந்து வந்தது என்பது அந்த எண்ணில் இருக்கிறது. புகேனனின் ஆட்கள் எங்கும் போகவில்லை. தங்களுக்கென்று ஒரு நாள் வரும் என்று காத்திருந்தார்கள். 2016இல் வந்தது.

டிரம்ப் அப்போது செய்தது சாமர்த்தியமான காரியம். மற்றவர்களின் மண்டகப்படியில் அவர் கை வைக்கவில்லை. 2016 மே மாதமே உச்ச நீதிமன்றத்துக்குத் தான் பரிசீலிக்கப்போகிற 11 நீதிபதிகளின் பெயரை அறிவித்தார். சர்ச்காரர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. முதலாளிகளுக்கு 2017இல் வரிக்குறைப்பு கிடைத்தது. வர்த்தகத்தையும் எல்லையையும் மட்டும் பழைய தலைமையிடமிருந்து பிடுங்கி எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தார். அவர் நியமித்த மூன்று நீதிபதிகளோடுதான் 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் 1973 தீர்ப்பை ரத்து செய்தது.

கேட்டது கிடைத்ததும் இன்னொரு உண்மை வெளியே வந்தது. தீர்ப்பு வந்து ஆறு வாரத்தில் கான்சஸில் பொதுவாக்கெடுப்பு. 2020இல் டிரம்புக்கு 56 சதவீதம் கொடுத்த மாநிலம் அது. மாநில அரசியல் சட்டத்திலிருந்து கருக்கலைப்புப் பாதுகாப்பை எடுக்கும் திருத்தத்தை அங்கே 59 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். எதிர்வீட்டு அம்மா போன்றவர்கள் கட்சியின் பெரும்பான்மை என்று அவர்களே நம்பியிருந்தார்கள். அவர்கள் கட்சியின் மிக உறுதியான பகுதி மட்டுமே. ப்யூ ஆய்வு மையம் 2021இல் அமெரிக்கர்களை அரசியல் மனப்போக்கின்படி ஒன்பதாகப் பிரித்தபோது வலதுபக்கம் நான்கு பிரிவுகள் வந்தன. மதமும் கொடியும் சேர்ந்தவர்கள் மக்கள்தொகையில் 10 சதவீதம், பழைய பாணிச் சந்தைவாதிகள் 7, பெருநிறுவனங்கள் மேல் கோபம் கொண்ட வெகுஜன வலதுசாரிகள் 11, எதிலும் ஒரு கால் வெளியே வைத்திருக்கும் இளவயதினர் அதிகமுள்ள பிரிவு 12. இந்த மூன்றாம் பிரிவில் பாதிக்கு மேல், நாலு லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிக்கிறவர்களின் வரியை உயர்த்த வேண்டும் என்கிறார்கள். கான்ட்ராக்டர் கேட்டால் அதிர்ந்துபோவார். 2024 தேர்தல் அறிக்கையில் நாடு தழுவிய கருக்கலைப்புத் தடை என்ற பழைய கோரிக்கையைக் கட்சி சத்தமில்லாமல் விட்டுவிட்டது. அந்தக் கணக்கைத் தலைமை போட்டுவிட்டது என்று அர்த்தம்.

சரி, விசா சண்டைக்கு வருவோம். ஒரே நாளை இரண்டு மண்டகப்படிக்காரர்கள் கேட்டால்தான் திருவிழாவில் அடிதடி. குடியேற்றம் அந்த நாள். கான்ட்ராக்டருக்கு ஆள் வேண்டும், அது இல்லாமல் அவர் தொழிலே இல்லை. எலக்ட்ரீஷியனுக்கு அதே ஆள் வரக்கூடாது, வந்தால் தன் கூலி இறங்கும் என்கிறார். இருவருக்கும் இது விட்டுக்கொடுக்க முடியாத விஷயம். 2025 ஜூனில் என்ன நடந்தது என்று பாருங்கள். பண்ணைகளிலும் ஓட்டல்களிலும் நல்ல வேலையாட்கள் போய்விடுகிறார்கள் என்று டிரம்பே எழுதினார், அங்கே குடியேற்றச் சோதனைகளை நிறுத்தி வைக்கச் சொல்லி உத்தரவும் போனது. சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. இரண்டு தரப்பும் ஒரே வாரத்தில் ஒரே கதவைத் தட்டியதன் விளைவு அது.

2024 டிசம்பரில் நடந்தது இதன் படித்த வடிவம். சென்னையில் பிறந்த ஸ்ரீராம் கிருஷ்ணனை வெள்ளை மாளிகையின் செயற்கை நுண்ணறிவு ஆலோசகராக அறிவித்ததில் தொடங்கியது. டிரம்பின் தீவிர ஆதரவாளர் லாரா லூமர் அவரைத் தாக்கினார். ஈலான் மஸ்க் விசாவை ஆதரித்தார். இந்திய வம்சாவளித் தொழிலதிபர் விவேக் ராமசாமி, கணித ஒலிம்பியாடில் ஜெயித்தவரைவிடப் பள்ளி நடன விழாவின் அழகியைக் கொண்டாடும் கலாசாரம் நல்ல பொறியாளர்களை உருவாக்காது என்று எழுதினார். டிரம்பின் முன்னாள் ஆலோசகர் ஸ்டீவ் பேனன் எதிர்ப்பக்கம் நின்றார். டிரம்ப் விசா நல்லது என்றார். 2025 செப்டம்பரில் அவரே புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தார். நீங்கள் அதில் உங்கள் மீதான வெறுப்பைப் படித்தீர்கள். வெறுப்பு இருந்தது. அதோடு, முதலாளிகள் மலிவான ஆளைக் கொண்டுவந்து தங்களை ஏமாற்றுகிறார்கள் என்ற முப்பது வருஷக் கோபமும் இருந்தது. முன்னதற்கு நீங்கள் பதில் சொல்லவே வேண்டியதில்லை. பின்னதற்குச் சொல்லலாம், சொல்ல முடியும்.

உங்கள் கணவர் சொன்னதை நான் தள்ளிவிட மாட்டேன். 1964இல், இனப் பாகுபாட்டைத் தடை செய்த குடிமை உரிமைச் சட்டத்துக்கு எதிராக செனட்டில் ஓட்டளித்த ஆறு குடியரசுக் கட்சிக்காரர்களில் பாரி கோல்ட்வாட்டர் ஒருவர். அந்தக் கட்சியின் 27 செனட்டர்கள் ஆதரித்திருந்தார்கள். சில மாதங்களில் அவர் அதிபர் தேர்தலில் நின்று, சொந்த மாநிலமான அரிசோனாவைத் தவிர ஜெயித்ததெல்லாம் லூசியானா, மிசிசிப்பி, அலபாமா, ஜார்ஜியா, தெற்கு கரோலினா. எல்லாம் வெள்ளையர்கள் அந்தச் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்த தெற்கு மாநிலங்கள். கட்சி அதைப் பாடமாக எடுத்துக்கொண்டது. அந்த ஓட்டு இன்றும் உள்ளே இருக்கிறது, அது யாருடையது என்று கட்சிக்கும் தெரியும். ஆனால் "எல்லாரும் ஒண்ணு" என்பதில் உங்கள் மாநிலத்தின் ஸ்டார் கவுன்ட்டி அடங்காது. மக்கள்தொகையில் 95 சதவீதத்துக்கு மேல் ஹிஸ்பானியர்கள், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். நூறு வருஷத்துக்கு மேலாக அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியை விட்டு நகராத இடம். 2024இல் டிரம்பை ஜெயிக்க வைத்தது. விலைவாசிக்கும் எல்லைப் பிரச்சினைக்கும் போட்ட ஓட்டு அது.

எதிர்வீட்டு அம்மாவைப் பற்றி எனக்குத் தோன்றுவதை நேராகவே சொல்கிறேன். அவர் உங்களுக்குக் கொண்டுவந்த சாப்பாடு உண்மை. அகதிகளைக் குடியமர்த்தும் வேலையைப் பல வருஷங்களாகச் செய்துவந்த அமைப்புகளில் 'வேர்ல்டு ரிலீஃப்' சுவிசேஷக் கிறிஸ்தவர்களுடையது. சர்ச் பெண்கள் விமான நிலையத்துக்குப் போய்க் குடும்பங்களை அழைத்துவந்திருக்கிறார்கள். 2025 ஜனவரியில் அகதிகள் வருகையை அரசு நிறுத்தியபோது அந்த அமைப்பு எதிர்த்துப் பேசியது. சர்ச் இருக்கைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் பேசவில்லை. கருக்கலைப்பு என்ற ஒன்றுக்காக மற்ற எல்லாவற்றையும் அடுத்தவர் கையில் விட்டுவிடப் பழகிவிட்டார்கள். அப்படி விட்டுவிட்டவற்றில் நீங்களும் இருக்கிறீர்கள். அவர் உங்களை வெறுக்கவில்லை. உங்களுக்காகத் தன் ஓட்டை மாற்றவும் மாட்டார். இந்த இரண்டும் ஒரே மனிதரிடம் இருக்கும் என்பதை ஏற்றுக்கொள்ள உங்களுக்கு வலிக்கும், எனக்கும் வலிக்கத்தான் செய்கிறது.

ஆனாலும் அவரிடம் பேசுங்கள். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு கிரீன் கார்டு வரிசை ஏன் இவ்வளவு நீளம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கிரீன் கார்டுகளில் எந்த ஒரு நாட்டுக்கும் வருஷத்துக்கு 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற விதியை விளக்குங்கள். விசா காலாவதியானால் உங்கள் குடும்பத்துக்கு என்ன ஆகும் என்று சொல்லுங்கள். காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்துக்கு நீங்கள் போன் செய்தால் அது ஒரு வெளிநாட்டுக்காரரின் குறை. அதே விஷயத்துக்கு அவர் போன் செய்தால், ஒவ்வொரு உட்கட்சித் தேர்தலிலும் தவறாமல் ஓட்டுப் போடுகிற ஒருவரின் குறை.