காதுக்குப் போகும் முன் அம்பை அளந்து பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "என்னிடம் 35 பவுண்டு குதிரை வில் இருக்கிறது. மூன்று விரலால் நாணைப் பிடித்து, வாயோரம் வரை இழுத்து இரண்டு வருடமாக எய்கிறேன். இப்போது கட்டைவிரலால் காது வரை இழுக்க முயல்கிறேன். பாதி இழுப்பிலேயே அம்பு வில்லைவிட்டு விலகி விழுந்துவிடுகிறது. கோளாறு வில்லிலா, கையிலா?"

இரண்டிலும் இல்லை. அம்பு தப்பான பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் வலக்கைக்காரர் என்றே வைத்துக்கொள்கிறேன். மூன்று விரல் இழுப்பில் அம்பு வில்லின் இடப்பக்கம், வில் பிடித்த கையின் ஆள்காட்டி விரல் முட்டிமேல் உட்காரும். கட்டைவிரல் இழுப்பில் அது வலப்பக்கம் வந்து, வில் பிடித்த கையின் கட்டைவிரல்மேல் உட்கார வேண்டும். நாணைப் பூட்டிய வலக்கை லேசாக உள்ளே திரும்பும்போது ஆள்காட்டி விரலின் அடிப்பாகம் அம்பை வில்லோடு சேர்த்து அழுத்தும். அம்பு இடப்பக்கம் இருந்தால் அதே அழுத்தம் அதை வெளியே தள்ளிவிடும்.

பூட்டுப் போடுவது எப்படி? அம்புக்குக் கீழே கட்டைவிரலை நாணைச் சுற்றி வளைத்து, அதன் நுனியை ஆள்காட்டி விரலால் மூடிப் பிடியுங்கள். நகத்தின் நட்டநடுவில் அழுத்தினால் நகம் கருத்துப்போகும், எனக்கு ஆயிருக்கிறது. விடும்போது கையை விரிக்க வேண்டாம். ஆள்காட்டி விரலைத் தளர்த்தினால் போதும், கட்டைவிரலை நாணே தள்ளிக்கொண்டு போய்விடும். நாணிலிருந்து கட்டைவிரலைக் காக்கும் மோதிரத்துக்கு அவசரப்படாதீர்கள், அளவு சரியாக அமைவது கஷ்டம். இப்போதைக்கு ஒரு தோல் துண்டு போதும். அப்புறம், பால்மரம் (ரப்பர் மரம்) வளர்ந்த ஊரில் பழைய சைக்கிள் டியூபுக்கா பஞ்சம்? ஒரு துண்டு வெட்டி முடிச்சுப் போட்டு, டிவி பார்த்துக்கொண்டே பூட்டிப் பூட்டி இழுங்கள்.

ஏகலைவன் கட்டைவிரலைக் கொடுத்த பிறகும் மிச்ச விரல்களால் எய்தான், பழைய வேகம்தான் போயிற்று என்கிறது மகாபாரதம். கட்டைவிரல்காரர்கள் நாங்கள் இதை எங்கள் பக்கச் சாட்சியாகச் சொல்லிக்கொள்வோம்.

எனக்குக் கவலை அந்தக் காது விஷயத்தில்தான். வில்லில் எழுதியிருக்கும் 35 பவுண்டு, அதாவது நாணை இழுத்துப் பிடிக்கத் தேவையான விசை, பொதுவாக 28 அங்குல இழுப்புக்கான கணக்கு. அதற்கு மேல் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஏறக்குறைய 2, 3 பவுண்டு ஏறும். வாயோரத்தில் உங்கள் இழுப்பு 27 அங்குலம் என்றால் காதில் 30, 31 ஆகிவிடும். கையில் 40 பவுண்டு வந்து நிற்கும். அதைத் தோள் ஒருவேளை தாங்கும். ஆனால் உங்கள் அம்பு 29 அங்குலமாக இருந்தால்? முனை வில்லைத் தாண்டி உள்ளே வந்து இடக்கைக்குப் பின்னால் நிற்கும். அந்த நிலையில் நாணை விட்டால் அம்பு உங்கள் கையிலேயே பாயும்.

எனவே நீளமான அம்பு ஒன்றை இரவல் வாங்குங்கள். மெதுவாகக் காது வரை இழுங்கள், விடாதீர்கள். வில்லுக்கு நேரே அம்பில் ஒருவர் துணிக்கிளிப்பு மாட்டட்டும். அந்த அளவோடு குறைந்தது ஓர் அங்குலம் சேர்த்து அம்பு வாங்குங்கள். நீளம் கூடினால் தண்டு அதிகமாக வளையும், பவுண்டும் ஏறியிருக்கிறது. ஆகவே விறைப்பான தண்டு தேவை. உங்கள் வில் எத்தனை அங்குலம் வரை தாங்கும் என்று விற்றவரிடம் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

நாணைப் பிடிக்கும் முறையையும் ஆங்கரையும் (இழுத்த கை வந்து நிற்கும் இடம்) ஒரே நாளில் மாற்றினால், அம்பு தவறும்போது எதைக் குறை சொல்வீர்கள்? ஒரு மாதம் கட்டைவிரலால் வாயோரம் வரை மட்டும் இழுங்கள், ஐந்து மீட்டரில், பெரிய குறியில். வேறு ஒன்றும் செய்ய வேண்டாம். தோட்டத்துத் திடலில் எய்வதானால் செம்பனை வரிசையைக் குறிக்குப் பின்புறமாக வைக்காதீர்கள். நடுவில் யாராவது குறுக்கு வழியாக நடந்து வருவார்கள்.

பிறகு காது. கை அங்கே அந்தரத்தில் நிற்கக்கூடாது. கட்டைவிரல் மூட்டு காது மடலுக்குக் கீழே தாடை எலும்பைத் தொடட்டும், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில். அம்பின் வால் கண்ணுக்கு வலப்பக்கம் தள்ளிப் போய்விடுவதால், முனையைக் குறியில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு முதல் சில நாள் அம்பு இடப்பக்கம் போகும். பயப்பட வேண்டாம், முனையைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்திப் பாருங்கள். ஜிமிக்கி, தொங்கட்டான் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். திரும்பிப் போகும் நாணுக்குத் தோடு என்றும் காது என்றும் வித்தியாசம் தெரியாது.