டியாகோ கார்சியா போனால் லண்டன் கிடைக்குமா?

கேள்வி: நாங்கள் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருக்கிறோம். படகில் டியாகோ கார்சியா தீவுக்குப் போனால் பிரிட்டன் அழைத்துக்கொள்ளும், முன்பு போனவர்கள் இப்போது லண்டனில் இருக்கிறார்கள் என்று ஏஜென்ட் சொல்கிறார். நான்கு லட்சம் கேட்கிறார். என் மகன் துடிக்கிறான். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள் அம்மா. ஏஜென்ட் சொல்வதில் பாதி உண்மை. அதுதான் ஆபத்து.

டியாகோ கார்சியா, இந்தியப் பெருங்கடலில் பிரிட்டன் வசமுள்ள தீவு. 2021 அக்டோபரில் 89 இலங்கைத் தமிழர்கள் அந்தத் தீவில் இறங்கியது உண்மை. அவர்கள் போக நினைத்தது கனடாவுக்கு. படகு பழுதாகி, பிரிட்டிஷ் கடற்படை கரைசேர்த்தது. அங்கே இருப்பது ராணுவத் தளம். அகதி மனுவை விசாரிக்க ஒரு நடைமுறைகூட அப்போது கிடையாது. வேலிக்குள் எலி ஓடும் கூடாரத்தில் மூன்று வருடத்துக்கு மேல் கிடந்தார்கள். தற்கொலைக்கு முயன்றவர்கள் உண்டு. சிலர் வெறுத்துப்போய் இலங்கைக்கே திரும்பினார்கள். வழக்குமேல் வழக்கு நடந்த பிறகு, 2024 டிசம்பரில் மீதி இருந்தவர்களில் பெரும்பாலோரை பிரிட்டன் அழைத்துக்கொண்டது. அடைத்துவைத்ததே சட்டவிரோதம் என்று அந்தப் பிரதேசத்தின் நீதிமன்றமும் அதே மாதம் சொன்னது. ஏஜென்ட் இதில் பிரிட்டன் அழைத்துக்கொண்டதை மட்டும்தான் சொல்லியிருப்பார்.

அந்த வாய்ப்பு அவர்களோடு முடிந்துவிட்டது. இனி யாராவது வந்தால் செயின்ட் ஹெலினாவுக்கு அனுப்புவதென்று 2024 அக்டோபரிலேயே பிரிட்டன் ஏற்பாடு செய்துவிட்டது. அட்லாண்டிக் நடுவே, நெப்போலியனைச் சிறைவைத்த அதே தீவு! அதுவும் இடைக்கால ஏற்பாடுதான். டியாகோ கார்சியா அடங்கிய சாகோஸ் தீவுக் கூட்டத்தை மொரீசியஸுக்கு விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் 2025 மே மாதம் பிரிட்டன் கையெழுத்துப் போட்டது. அது நடைமுறைக்கு வந்தால் வருகிறவர்கள் மொரீசியஸின் பொறுப்பு என்பது பிரிட்டனின் நிலை. மொரீசியஸ் 1951 அகதிகள் உடன்படிக்கையில் சேராத நாடு. லண்டன் எங்கே, இது எங்கே?

'அது இல்லையென்றால் ஆஸ்திரேலியா' என்பார்கள். படகில் வருகிறவர்களைக் குடியேற்ற மாட்டோம் என்று 2013 ஜூலையில் அறிவித்தவர்கள், ஆட்சி மாறியும் மாறவில்லை.

இன்னொரு தந்திரம், இதைக் கட்டாயம் கவனியுங்கள். 'பழைய மீன்பிடிப் படகை உங்கள் பையன் பேரில் வாங்கிக்கொள்ளலாம், செலவு குறையும்' என்பார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டால், பிடிபடும்போது ஆள்கடத்தல் வழக்கில் ஏ1, அதாவது முதல் குற்றவாளி, அவன்தான். புரோக்கர் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

சரி, நேர்வழி? மகன் இங்கே பிறந்தவன் என்றால் முதலில் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து, குடியுரிமை, பாஸ்போர்ட் வாங்குங்கள். வெளிநாட்டில் உறவினர் இருந்தால் விசா. அப்புறம் இந்தியாவை விட்டு வெளியேற எக்ஸிட் பர்மிட். இந்தக் கடைசிக் காகிதத்துக்குத்தான் மேஜை மேஜையாக அலைய விடுவார்கள். முகாமிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளையிடம் எத்தனை முறைதான் 'எப்போது வந்தாய்' என்று கேட்பார்களோ! இந்த இழுத்தடிப்பில்தான் ஏஜென்ட் பிழைக்கிறான்.

முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று எழுதவில்லை. கொடுத்திருந்தால் தனியாகக் காவல் நிலையம் போகாதீர்கள், புகார் கொடுக்க வந்தவரையே துருவும் வழக்கம் உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் கேளுங்கள். அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஏஜென்ட் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிட வேண்டாம்.