கொக்கைனும் மூளையின் ஞாபகமும்: கேள்வி பதில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. போதைப்பொருள் பற்றிய ஞாபகங்கள் எலி மூளையில் எப்படிப் பதிகின்றன என்று பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை. மாத்திரை பெயர், அளவு எல்லாம் மனநல மருத்துவரிடம் கேளுங்கள். இன்றைக்குக் கொக்கைன் மட்டும். கஞ்சாவும் சாராயமும் வேறொரு நாள்.

தென்றல்: அக்கா, கொக்கைன் மூளைக்குள்ள போய் அப்படி என்னதான் பண்ணுது?

நரம்பணுக்கள் வெளியே விட்ட டோபமைன் என்ற ரசாயனத்தைத் திரும்ப உள்ளே இழுக்க ஒரு புரதம் இருக்கிறது. கொக்கைன் அதை அடைத்துவிடும். டோபமைன் வெளியிலேயே தேங்கும். இதுவரை எல்லாரும் சொல்வதுதான். குழப்பம் தொடங்குவது 'டோபமைன் என்றால் இன்பம்' என்று நினைக்கும்போது.

வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்பவர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துப் பார்த்தார். முதலில் சாறு கிடைத்ததும் டோபமைன் அணுக்கள் துடித்தன. சாறு வருவதற்கு முன் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு துடிப்பு விளக்குக்கு மாறிவிட்டது, சாற்றுக்குத் துடிப்பே இல்லை. எதிர்பார்த்தது அப்படியே வந்தால் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை அல்லவா? எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லும் இந்தக் கணக்கு 1997இல் முறையாக வெளியானது.

கொக்கைன் இந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. எதிர்பார்த்து எடுத்தாலும் ரசாயன வழியில் டோபமைனைத் தூக்கிவிடும். அதனால் 'நினைத்ததைவிட நல்லது வந்திருக்கிறது, குறித்துக்கொள்' என்ற செய்தி ஒவ்வொரு முறையும் போகிறது என்பது பலர் ஏற்கும் விளக்கம். எதைக் குறித்துக்கொள்ளும்? சுருட்டிய ரூபாய் நோட்டை, அந்த நண்பனின் ரிங்டோனை, சம்பள நாளை, ஒரு பாரின் பாத்ரூமை.

சேலம் சிவா: ஒரே ஒரு தடவை போட்டா மூளை மாறிடுமா? இல்ல சும்மா பயமுறுத்துறீங்களா?

ஒரே ஊசியில் மாற்றம் வரும் என்று 2001இல் சுண்டெலிகளில் காட்டினார்கள். டோபமைன் அணுக்கள் இருக்கும் நடுமூளைப் பகுதியில் நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகள் வலுத்திருந்தன. ஐந்தாம் நாள் அது இருந்தது, பத்தாம் நாள் இல்லை.

2008இல் வந்த தொடர்ச்சிதான் எனக்குப் பிடித்தது. எலி தானே நெம்புகோலை அழுத்திக் கொக்கைன் எடுத்தால், நிறுத்தி மூன்று மாதம் ஆன பிறகும் அந்த வலு மறையவில்லை. அதே கொக்கைனை ஆய்வாளர் செலுத்தினால் அப்படி நிலைக்கவில்லை. சர்க்கரைக்காக அழுத்திய எலிகளில் சீக்கிரமே மங்கிவிட்டது. மருந்தும் வேண்டும், 'நான் செய்தேன், எனக்குக் கிடைத்தது' என்ற கற்றலும் வேண்டும்.

வடைப்பிரியன்: ரீல்ஸ் பார்க்கிறதும் கொக்கைனும் மூளைக்கு ஒண்ணுதானே?

இல்லை. ரீல்ஸ் அந்தப் புரதத்தை அடைப்பதில்லை.

அண்ணன் ஒருவன்: தங்கச்சி, என் தம்பி லண்டன்ல இருக்கான். கொக்கைனை விட்டு அஞ்சு மாசம் ஆச்சு. 'இப்ப ஆசையே வரல'ன்னு சொல்றான். பழைய ரூமுக்கே, பழைய ஃப்ரெண்ட்ஸ்கூடவே திரும்பப் போறேங்கிறான். அஞ்சு மாசம் போதும்தானே?

அண்ணே, இந்தக் கேள்விக்காகத்தான் இன்றைக்கு உட்கார்ந்தேன். போதாது. ஐந்தாம் மாதம் நீங்கள் நினைப்பதைவிட ஆபத்தான காலம்.

விட்ட நாளிலிருந்து ஏக்கம் மெல்ல வடிந்துவிடும் என்றுதான் நமக்குத் தோன்றும். 2001இல் எலிகளில் பார்த்தது நேர்மாறு. கொக்கைனை நிறுத்திய மறுநாள், பழைய விளக்கும் நெம்புகோலும் இருக்கும் கூண்டில் விட்டால் எலி கொஞ்சம் தேடியது. ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்து விட்டால் இன்னும் வெறியோடு அழுத்தியது. இதைத் துறையில் ஏக்கம் 'அடைகாக்கிறது' என்பார்கள். மூளையின் வெகுமதிப் பகுதியான நியூக்ளியஸ் அக்கம்பென்ஸில் உள்ள இணைப்புகளில் கால்சியத்தை உள்ளே விடும் புது வகை ஏற்பிகள் (செய்தியை வாங்கும் புரதங்கள்) வந்து சேருவது இதற்கு ஒரு காரணம் என்று 2008இல் தெரிந்தது. மருந்து உள்ளே போகாத நாட்களில்தான் அவை சேருகின்றன.

எலிதானே என்பீர்கள். 2016இல் மனிதர்களிடம் பார்த்தார்கள். கொக்கைனை விட்டு வெவ்வேறு காலம் ஆனவர்களுக்கு அது தொடர்பான படங்களைக் காட்டி மூளை மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். 'எவ்வளவு ஏங்குகிறது?' என்று வாயால் கேட்டால், காலம் போகப் போகக் குறைவாகத்தான் சொன்னார்கள். மின்னலையோ விட்ட இரண்டாம் நாளைவிட ஒரு மாதத்திலும் ஆறு மாதத்திலும் உயர்ந்திருந்தது, ஒரு வருடம் ஆனவர்களிடம்தான் தாழ்ந்தது. உங்கள் தம்பி பொய் சொல்லவில்லை. அவர் உண்மையாகவே உணராத ஒன்று உள்ளே விழித்திருக்கலாம்.

இன்னொன்று. பென்சில்வேனியாவில் அன்னா ரோஸ் சில்ட்ரெஸ் குழு 2008இல் கொக்கைன் படங்களை 33 மில்லி விநாடி மட்டும் காட்டியது. பார்த்தோம் என்றே தெரியாத வேகம். மூளையில் உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலா உள்ளிட்ட பகுதிகள் அதற்குள் கிளம்பிவிட்டன. ஆகவே 'சோதித்துப் பார்க்கிறேன்' என்று பழைய இடத்துக்குப் போக விடாதீர்கள். அறை மாறட்டும், போன் நம்பர் மாறட்டும். முடிவை அவரும் அவருடைய ஆலோசகரும் சேர்ந்து எடுக்கட்டும்.

கீரைக்காரி: எங்க தாத்தா ஒரே நாள்ல பீடியை விட்டார். எல்லாம் மனசுதான் மேடம்.

தாத்தாவுக்கு வணக்கம். 33 மில்லி விநாடி பற்றி மேலே எழுதியிருக்கிறேன். மனசு களத்துக்கு வரும்போது பாதி ஆட்டம் முடிந்திருக்கும்.

பழைய புத்தகம்: அந்த ஞாபகத்தையே அழிச்சிட முடியாதா?

ஒரு ஞாபகத்தை நினைவுகூரும்போது அது சற்று நேரம் இளகி, மறுபடி உறைகிறது. அந்த இளகிய நேரத்தில் தடுத்தால் பலவீனமாகும் என்று 2000இல் பய ஞாபகத்தில் காட்டினார்கள். 2005இல் கேம்பிரிட்ஜில் எலிகளின் கொக்கைன் ஞாபகத்திலும் நடந்தது. 2012இல் சீனாவில் ஹெராயினை விட்டவர்களுக்குச் சிறிய வீடியோவால் ஞாபகத்தைக் கிளப்பி, பத்து நிமிடம் கழித்து, போதை கிடைக்காமலே அந்தக் காட்சிகளைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ஆறு மாதம் கழித்தும் ஏக்கம் குறைவாக இருந்தது. நல்ல முடிவுதான், ஆனால் அது ஹெராயின், அளந்தது ஏக்கத்தை, திரும்ப எடுத்தார்களா என்பதை அல்ல. 'ஞாபகத்தை அழித்துத் தருகிறோம்' என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஞாபகத்தை முதலில் கிளப்பாமல் அந்தக் காட்சிகளை மட்டும் காட்டிக்கொண்டே இருந்தால் பழையது அழியாது, அதன்மேல் புதுப்பாடம் ஒன்று ஏறும். அந்தப் பாடம் கற்ற அறைக்குள் நன்றாக வேலை செய்யும். தெருவுக்கு வந்தால் பழையது தலைதூக்கும். அதனால்தான் பழைய இடத்துக்குப் போகாதீர்கள் என்று கத்துகிறேன்.

நெல்லை_07: மேடம், இன்ஸ்டா ஸ்க்ரோல் பண்றது கொக்கைன் அடிக்ஷன் மாதிரியா?

வடைப்பிரியனுக்குச் சொன்ன பதில்.

மறுப்பாளன்: 2007ல ஃபிரான்ஸ்ல எலிகளுக்குக் கொக்கைனையும் சாக்கரின் தண்ணியையும் சேர்த்து வெச்சாங்க. 94 சதவீதம் தண்ணியைத்தான் எடுத்துச்சு. அப்போ ஞாபகம் ஆட்டிப்படைக்குதுங்கிறது கதைதானே?

ஆய்வு உண்மை. போர்தோவில் செர்ஜ் அகமது குழு செய்தது. இனிப்பு நாக்கில் பட்ட நொடியே தெரியும். ரத்தத்தில் செலுத்திய கொக்கைன் மூளையை எட்டச் சில நொடி ஆகும். அந்தத் தாமதம்தான் முடிவைச் சாய்த்தது என்ற வாதம் இன்னும் ஓடுகிறது. முடிவை நான் ஒதுக்கவில்லை. கொக்கைன் தொட்ட மனிதர்களிலும் எல்லாரும் அடிமையாவதில்லை. அமெரிக்கக் கணக்கெடுப்பு ஒன்றின்படி வாழ்நாளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்.

மறுப்பாளன்: அப்போ ஒத்துக்கிட்டீங்க. வேற நல்லது கிடைச்சா விட்டுடுவாங்க. நோயும் இல்ல, ஞாபகமும் இல்ல.

முதல் பாதியை ஒத்துக்கொள்கிறேன், சிகிச்சையே அதன்மேல்தான் நிற்கிறது. வெர்மான்ட்டில் ஸ்டீஃபன் ஹிக்கின்ஸ் 1990களில் நிறுவிய முறை இது. சிறுநீர்ப் பரிசோதனையில் கொக்கைன் இல்லையென்றால் கூப்பன், அடுத்த முறையும் இல்லையென்றால் மதிப்பு கூடும், தவறினால் ஆரம்பத் தொகைக்கு இறங்கும். கொக்கைனுக்கென்று அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட மருந்து ஒன்றுகூட இல்லாத நிலையில், சிகிச்சைகளில் அதிகம் பலன் காட்டியது இதுதான். அங்கே முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகள் 2011இலிருந்து பயன்படுத்துகின்றன.

இரண்டாவது பாதி எங்கிருந்து வந்தது? கூப்பன் நின்ற பிறகு பலர் திரும்ப வழுக்குகிறார்கள். உள்ளே எதுவும் பதிந்திருக்காவிட்டால் எதற்கு வழுக்க வேண்டும்?

கீரைக்காரி: அய்யோ, போதைக்காரனுக்கு லஞ்சமா? நம்ம வரிப்பணமா?

சேலம் சிவா: கூப்பனை வித்து கொக்கைன் வாங்குவான் பாருங்க.

விற்கலாம். அடுத்த பரிசோதனையில் தெரிந்துவிடும், கூப்பன் இறங்கிவிடும். ரொக்கம் தராமல் கூப்பன் தருவதும் அதற்காகவே. லஞ்சமா என்றால், திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு ஆகும் செலவையும் கேளுங்கள்.

மறுப்பாளன்: எலி தனிக்கூண்டுல இருந்தா போதை, கூட்டமா இருந்தா இல்ல. அந்த எலிப் பூங்கா சோதனைக்கு என்ன சொல்றீங்க?

புரூஸ் அலெக்சாண்டர், 1970களின் கடைசி, கனடா. அங்கே கொடுத்தது மார்ஃபின் கலந்த தண்ணீர், கொக்கைன் இல்லை. பிறகு திரும்பச் செய்தவர்களுக்கு முடிவு ஒரே மாதிரி வரவில்லை. துணை இருந்தால் நல்லது என்பதில் எனக்குச் சண்டை இல்லை. துணை வந்ததும் பழைய பதிவு காணாமல் போகும் என்பதில்தான் சண்டை. இதோடு நிறுத்துவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

குமரி: சரக்கோட சேர்த்தா?

கல்லீரலில் இரண்டும் சேர்ந்து கோகஎத்திலீன் உருவாகும். அது கொக்கைனைவிட அதிக நேரம் உடலில் தங்கும், இதயத்துக்குக் கூடுதல் ஆபத்து. கொக்கைன் எடுத்த பிறகு நெஞ்சு வலித்தால் கேள்வி பதிலுக்கு வராதீர்கள், நேராக அவசரப் பிரிவு. என்ன எடுத்தீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். அங்கே தரும் மருந்தே அதைப் பொறுத்து மாறும்.

பூங்குழலி: மொபைல் அடிக்ஷனும் இதே மாதிரி...

இல்லை.

பெயர் வேண்டாம்: சிகிச்சைக்குப் போனா போலீஸ் கேஸ் ஆகுமான்னு பயமா இருக்கு.

சட்டம் என் துறை இல்லை, ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையானவர் மீது பயன்படுத்திய குற்றமோ, சிறிய அளவு சம்பந்தப்பட்ட குற்றமோ இருந்து, அவர் தானாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கை ரத்து செய்ய முடியும். பக்கத்தில் எந்த மையம் என்று 14446க்கு அழைத்துக் கேளுங்கள், கட்டணம் இல்லை.