பேரவையில் ஆளைப் பிடித்தால் சான்றிதழ் மாறுமா?

கேள்வி: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பட்டமும் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் பெற்று, ஊரில் பல வருடம் படிப்பித்தவள் நான். இப்போது ஸ்காபரோவில் இருக்கிறேன். இங்கே படிப்பிக்கச் சான்றிதழ் தரும் ஒன்ராறியோ ஆசிரியர் கொலிஜுக்கு விண்ணப்பித்திருந்தேன். மேலதிகப் பாடங்கள் படிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு சான்றிதழ் தருவதாகப் பதிவாளரின் அறிவித்தல் வந்திருக்கிறது. கொலிஜின் நிர்வாகப் பேரவை உறுப்பினர் ஒருவரையோ எங்கள் மாகாணசபை உறுப்பினரையோ பிடித்துக் கதைத்தால் மாற்றலாம் என்கிறார்கள். இந்தக் கொலிஜை நடத்துவது யார்? அரசாங்கமா, ஆசிரியர் சங்கமா?

பதில்: ரீச்சர், யாரையும் பிடிக்கப் போகாதீர்கள். அதைவிட நல்ல வழியைச் சட்டமே உங்களுக்குத் தந்திருக்கிறது. அதற்கு ஒரு காலக்கெடுவும் உண்டு. அறிவித்தலில் அந்தத் திகதியைத் தேடிப் பார்த்துவிட்டு மிச்சத்தை வாசியுங்கள்.

கொலிஜ் அரசுத் திணைக்களமும் அல்ல, சங்கமும் அல்ல. 1996 இல் மாகாண சட்டமன்றம் இயற்றிய தனிச்சட்டத்தால் உருவாகி, 1997 முதல் இயங்குகிறது. ஆசிரியர்கள் கட்டும் வருடாந்தக் கட்டணத்தில்தான் அதன் செலவு ஓடுகிறது. சம்பளத்துக்கும் வேலை நிபந்தனைகளுக்கும் பேச நான்கு ஆசிரியர் சங்கங்கள் வேறாக இருக்கின்றன. கொலிஜ் பார்க்கவேண்டியது பொதுமக்களின் நலனை: யார் படிப்பிக்கலாம், என்ன தகுதி வேண்டும், நடத்தை பிழைத்தால் என்ன செய்வது என்பவற்றை.

முன்பு அதன் பேரவையில் 37 பேர் இருந்தார்கள். 23 பேரை ஆசிரியர்கள் வாக்களித்துத் தெரிவுசெய்தார்கள், 14 பேரை அரசு நியமித்தது. சிறிய பேரவை போதும், உறுப்பினர்களைத் தகுதி பார்த்து எடுக்கலாம் என்று 2018 இல் ஒரு வெளி ஆய்வு சொன்னது. 2020 இல் சட்டம் திருத்தப்பட்டது. 2021 பெப்ரவரியிலிருந்து ஒரு வருடம் பேரவை இல்லாமல், அரசு நியமித்த இடைக்கால மேற்பார்வையாளர் பொறுப்பில் இருந்தார். 2022 இல் வந்த புதிய பேரவையில் 18 பேர்: 9 ஆசிரியர்கள், 9 பொதுமக்கள். பொதுமக்களை அரசு நியமிக்கிறது. ஆசிரியர்கள் விண்ணப்பித்து, தெரிவுக்குழுவின் பரிந்துரையில் நியமனம் பெறுகிறார்கள். தேர்தல் கிடையாது.

பணம் கட்டுகிறவர்களுக்கு வாக்கு இல்லாமல் போனது உண்மையான இழப்பு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் கனடாவின் இன்னொரு மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவில் நடந்ததையும் பார்க்கவேண்டும். அங்கே தெரிவான பேரவையில் ஆசிரியர் சங்கத்தின் செல்வாக்கு மிஞ்சிவிட்டது என்று 2010 இல் ஓர் அறிக்கை வந்தது. அதன்பின் அந்த மாகாண அரசு அங்கிருந்த ஆசிரியர் கொலிஜையே கலைத்தது. 2012 முதல் அமைச்சின் ஒரு பிரிவு அந்த வேலையைச் செய்கிறது. ஒன்ராறியோவில் வாக்கு போனாலும் கொலிஜ் மிஞ்சியிருக்கிறது.

உங்களுக்கு முக்கியமான மாற்றம் இன்னொன்று. முன்பு விதி வகுக்கும் பேரவை உறுப்பினர்களே விசாரணை, ஒழுக்காற்று, பதிவு மேன்முறையீட்டுக் குழுக்களிலும் இருந்தார்கள். இப்போது அப்படி இருக்க முடியாது. குழுக்களுக்கு வேறு ஆட்கள் நியமிக்கப்படுகிறார்கள். உங்கள் கோப்பு பேரவையின் மேசைக்கு வரவே வராது. நீங்கள் அணுகும் உறுப்பினர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரால் செய்யக்கூடியது எதுவுமில்லை. மாகாணசபை உறுப்பினருக்கும் அதில் அதிகாரம் இல்லை.

தீர்மானிப்பவர் பதிவாளர். உங்கள் சம்மதம் இல்லாமல் நிபந்தனை போடுவதானால் அவர் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். அதை ஏற்காவிட்டால் காலக்கெடுவுக்குள் பதிவு மேன்முறையீட்டுக் குழுவின் மீளாய்வைக் கேளுங்கள். அதற்கும் மேலே டிவிஷனல் நீதிமன்றம் இருக்கிறது.

மேன்முறையீட்டில் உங்கள் அனுபவத்தை விவரிப்பதைவிடக் காரணங்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுவதே பலன் தரும். 2015 இலிருந்து இங்கே ஆசிரியர் பயிற்சி நான்கு செமஸ்டர், வகுப்பறைப் பயிற்சி குறைந்தது 80 நாள். ஒரு வருட டிப்ளோமாவை இதோடு ஒப்பிட்டுத்தான் குறை சொல்லியிருப்பார்கள். உங்கள் பயிற்சி நாட்களையும் பாடவிபரத்தையும் பல்கலைக்கழகத்திலிருந்து எழுத்தில் எடுங்கள். முக்கிய ஆவணங்களைப் பல்கலைக்கழகமே கொலிஜுக்கு நேரடியாக அனுப்பவேண்டும், நீங்கள் வைத்திருக்கும் பிரதி போதாது. ஏற்கெனவே என்னென்ன போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அறிய உங்கள் கோப்பின் பிரதியைக் கேளுங்கள். அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

குறை உண்மையிலேயே இருந்தால் வழக்காடத் தேவையில்லை. நிபந்தனைச் சான்றிதழை ஏற்று, படிப்பித்துக்கொண்டே பாடங்களை முடிப்பவர்கள் இருக்கிறார்கள். வருமானம் தேவைப்படும் குடும்பத்துக்கு அது சில வேளை விரைவான வழி. ஆனால் சம்மதித்துவிட்டால் மேன்முறையீட்டுக்கு இடமிராது, ஆகவே கையெழுத்துப் போடமுன் முடிவெடுங்கள்.

வெளிநாட்டில் படித்தவர்களைக் கொலிஜ் நியாயமாக நடத்துகிறதா என்று கண்காணிக்க, 2006 சட்டத்தின்படி ஒன்ராறியோ நியாயத்தன்மை ஆணையாளர் அலுவலகம் இருக்கிறது. அது தனியொருவரின் முடிவை மாற்றித் தராது. தாமதம், தெளிவில்லாத காரணம், மாறிமாறி ஆவணம் கேட்பது போன்ற நடைமுறைக் குறைகளை அங்கே எழுதலாம். மேன்முறையீட்டை அனுப்பியபின் அதையும் எழுதுங்கள்.