வெடிவைப்பு லைசென்ஸ்: மாநிலம் மாறினால்?

கேள்வி: குயின்ஸ்லாந்தில் கல்குவாரியில் வேலை பார்க்கிறேன். ஷாட்ஃபயரர் (பாறையில் வெடிவைப்பவர்) லைசென்ஸ் இருக்கிறது. இப்போது நியூ சவுத் வேல்ஸில் வேலை கிடைத்திருக்கிறது. லைசென்ஸை அங்கே மாற்ற மறுபடியும் பயிற்சி, தேர்வு என்று அலைய வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஆனால் நீங்கள் நினைப்பதுபோல இது மாற்றல் இல்லை. பழைய லைசென்ஸ் அப்படியே இருக்கும். அதைக் காட்டி இன்னொன்று வாங்குகிறீர்கள். ஆஸ்திரேலியாவின் 1992 பரஸ்பர அங்கீகாரச் சட்டம் இதை உரிமையாகவே தருகிறது. ஒரு மாநிலத்தில் பதிவுள்ளவர் (இந்தச் சட்டத்தில் லைசென்ஸும் பதிவுதான்) அதே தொழிலுக்கு அடுத்த மாநிலத்தில் பதிவு கேட்டால், படிப்பையோ அனுபவத்தையோ புதிதாக நிரூபிக்கச் சொல்ல முடியாது. அங்கே குடியிருக்க வேண்டும் என்றும் கேட்க முடியாது.

முதல் சறுக்கல் படிவத்தில்தான். புதிதாக லைசென்ஸ் கேட்பவருக்கான படிவத்தை நிரப்பினால் பயிற்சிச் சான்றிதழ் கேட்பார்கள். அது அவர்கள் தவறில்லை. பரஸ்பர அங்கீகாரத்தின் கீழ் கேட்கிறேன் என்பதை எழுத்தில் தெளிவாகச் சொல்லுங்கள். அந்த அறிவிப்பில் எந்தெந்த மாநிலங்களில் பதிவு இருக்கிறது, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் நடக்கிறதா, லைசென்ஸ் ரத்தாகியோ நிறுத்தப்பட்டோ இருக்கிறதா, அதில் என்னென்ன நிபந்தனைகள் என்பதெல்லாம் இருக்க வேண்டும். உங்களைப் பற்றிப் பழைய மாநிலத்தில் விசாரிக்கவும் சம்மதம் தர வேண்டும். கூடவே லைசென்ஸின் அசலோ நகலோ வையுங்கள். நகல் என்றால் நிபந்தனைகள் அச்சான பக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

சொன்னது உண்மை என்று சட்டப்படியான உறுதிமொழிப் பத்திரமும் (statutory declaration) தர வேண்டும். தாளில் தருவதானால், தனியாகக் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போனால் செல்லாது; சாட்சிக் கையெழுத்துப் போடத் தகுதியுள்ளவர் பார்க்கத்தான் போட வேண்டும்.

அறிவிப்பு கொடுத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் லைசென்ஸ் அலுவலகம் பதிவு தர வேண்டும், அல்லது ஒத்திவைக்கவோ மறுக்கவோ வேண்டும். ஒன்றும் செய்யாமல் மாதம் கடந்தால் பதிவு உங்கள் உரிமை. தகவல் பொய், ஆவணம் குறைவு, இரண்டு தொழிலும் சமமில்லை என்பவை ஒத்திவைக்கக் காரணங்கள். அதற்கும் 6 மாதம்தான் எல்லை. காத்திருக்கும் காலத்தில் பதிவு பெற்றவராகவே சட்டம் உங்களைக் கருதுகிறது. ஆனாலும் கையில் லைசென்ஸ் இல்லாமல் டெட்டனேட்டரைத் தொடுவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. வேலையில் சேரும் தேதியை அதற்கேற்பப் பேசிக்கொள்ளுங்கள்.

பழைய லைசென்ஸ் காலாவதியாகும் தேதியைப் பாருங்கள். புதியது கைக்கு வருமுன் அது செத்துவிட்டால் அடித்தளமே போச்சு. வந்தபின் பழையதைப் புதுப்பிக்காமல் விட்டாலும் புதியதற்குப் பாதகமில்லை. ஆனால் ஒழுங்கு நடவடிக்கையாக ஓரிடத்தில் ரத்தானால் மற்ற இடத்திலும் அதே கதிதான்.

கேள்வி: என் லைசென்ஸ் திறந்தவெளி வெடிவைப்புக்கு மட்டும். நிலத்தடிச் சுரங்கத்துக்கும் சேர்த்து வாங்க முடியுமா?

பதில்: முடியாது. இருப்பதற்குச் சமமானதுதான் கிடைக்கும். அந்த வரம்பை நிபந்தனையாகவே போட்டுத் தருவார்கள். நிலத்தடிக்கு வழக்கமான வழியில் தகுதி பெற வேண்டியதுதான்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் வெடிமருந்துக் கிடங்கு லைசென்ஸுக்கும் இது செல்லுமா?

பதில்: செல்லாது. இந்தச் சட்டம் தனிநபரின் தொழிலுக்கு மட்டும். கிடங்குக்கு அந்தந்த மாநிலத்தில் தனியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

கேள்வி: 2021 ஜூலை 1 முதல் எல்லாம் தானாகவே செல்லும் என்கிறார்களே?

பதில்: தானியங்கி அங்கீகாரம் அன்று தொடங்கியது உண்மைதான். எல்லா மாநிலமும் அன்றே சேரவில்லை. பாதுகாப்புக்கு ஆபத்துள்ள பதிவுகளை அமைச்சர் விலக்கிவைக்கவும் அதில் இடமுண்டு. வெடிமருந்து விஷயத்தில் ‘தானாக’ என்பதை நம்பிக் கிளம்ப வேண்டாம். போகிற மாநிலத்தில் உங்கள் வகை லைசென்ஸ் விலக்கில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருந்தால் மேலே சொன்ன எழுத்து வழியில் போங்கள்.